குறிக்கு வெளியே கால் இன்ச்

முன்குறித்தல் என்ற சொல்லைத் தையல் கடைக்குள் கொண்டுவந்தவர் மாஸ்டர்தான். சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகர், ஆறு ஞாயிறு தொடர்ந்து வேதாகமத்தில் ஒரே நிருபத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசினார். உலகம் உண்டாவதற்கு முன்பே யார் யார் தமக்குரியவர்கள் என்று கர்த்தர் முன்குறித்துவிட்டார் என்பதுதான் சாரம். ஆறாவது ஞாயிறு முடிவில், இது ஆழமான விஷயம், வீட்டில் போய் ஜெபத்தோடு யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் விடுமுறையில் போய்விட்டார். யோசிக்கிற வேலை மற்றவர்கள் தலையில் விழுந்தது.

திங்கட்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் துணி கனத்துக் கிடந்தது. கடை என்பது வீட்டின் முன்னறைதான். நடுவில் வெட்டும் மேஜை. ஜன்னலோரம் அண்ணனின் தையல் மிஷின். பட்டன் அலமாரிக்குக் கீழே ஒரு முக்காலியில் பாப்பா. மாஸ்டர் அவளுடைய வீட்டுக்காரர். மிஷினில் உட்கார்ந்திருப்பவர் அவளுக்கு மூத்தவர், கூடப் பிறந்த ஒரே அண்ணன். மாஸ்டர் வெட்டுவார், அண்ணன் தைப்பார், அவள் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். நாற்பத்தைந்து வயதாகி முன் நெற்றியில் நரை விழுந்த பிறகும் அவளுக்குப் பாப்பா என்ற பேர் மாறவில்லை.

சபையின் பாட்டுக்குழுவுக்குப் பன்னிரண்டு அங்கிகள் தைக்க வேண்டியிருந்தது. கருநீலத் துணியை மேஜைமேல் விரித்து, மாஸ்டர் சாக்பீஸால் முதல் தோளின் வளைவை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றார்.

"போதகர் ஆறு வாரம் சொன்னது வேற ஒண்ணும் இல்ல, இதுதான்," என்றார். "முன்குறிக்கிறது. குறி போட்ட பிறகுதான் கத்திரி. கத்திரி யோசிக்காது, துணியும் யோசிக்காது. யோசிச்சவன் முன்னாடியே யோசிச்சு முடிச்சிட்டான்."

அண்ணன் மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். அவருக்கு வாதம் என்றால் சாப்பாடு வேண்டாம்.

"அப்ப கர்த்தரைக் காட்டிக்கொடுத்தவன் என்ன மாப்ள பண்ணுவான்? அவனுக்குன்னு வெட்டி வச்ச சட்டை அது. போட்டுக்கிட்டான். போட்டதுக்கு அப்புறம் ஏண்டா போட்டேன்னு அடிச்சா?"

குயவனைப் பார்த்துக் களிமண் கேள்வி கேட்கக் கூடாது என்றார் மாஸ்டர். கேட்கக் கூடாதென்றால் கேட்கத் தெரியாத களிமண்ணாகச் செய்திருக்கலாமே, நாக்கை வைத்தது யார் என்றார் அண்ணன். அவருடைய நாக்கை வைத்தவர் அளவெடுக்காமல் வைத்துவிட்டார், ரெண்டு இன்ச் நீளம் என்றார் மாஸ்டர். பாப்பா வாயில் நூலோடு சிரித்தாள்.

ஒரு வாரம் இப்படியே ஓடியது. டீ குடிக்கும்போதும் இதே பேச்சு, ரொட்டியைப் பிய்க்கும்போதும் இதே பேச்சு. இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, பாப்பாவுக்குள் ஒரு புழு நெளிய ஆரம்பித்தது. யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் அவளுக்கு அக்கறையில்லை. உண்மையில் அது எப்படித்தான் நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. ஊசியைத் துணிக்கு மேலே நிறுத்தி வைத்துக்கொண்டு, குத்தலாம் என்று முடிவு எடுக்கிற அந்த ஒரு நொடியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்ப்பாள். பிடிபடாது. ஊசி ஏற்கனவே துணிக்குள் போயிருக்கும். கறுப்பு நூலை எடுக்கப் போய், கடைசி நிமிஷத்தில் வேண்டுமென்றே நீல நூலை எடுப்பாள். எடுத்ததும், இப்படி மாற்றி எடுப்பாள் என்பதும் குறித்து வைத்ததாக இருந்தால் என்று தோன்றும். கொல்லைவாசலே இல்லாத வீட்டுக்குள் நின்று கதவைத் தேடுவது போலிருந்தது. ஆனாலும் அந்தத் தேடல் அவளுக்குப் பிடித்திருந்தது. அடுப்பில் முட்டை வெந்து வெடித்தது கூடத் தெரியாமல் ஒருநாள் நின்றுவிட்டாள்.

விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது வினையானது அடுத்த செவ்வாய்க்கிழமை. மாஸ்டர் ஒரு சட்டையின் பின்பக்கத்தை வெட்டி அண்ணனிடம் நீட்டினார். அப்போது சும்மா இராமல், குறி போட்டவனுக்குத்தான் மகிமை, மிஷின் என்ன சொந்தமாகவா போகிறது, கோட்டைப் பிடித்துக்கொண்டுதானே போகிறது என்று சொல்லி வைத்தார்.

"யாரு சொன்னா, கோட்டைப் பிடிச்சுப் போறேன்னு?" என்றார் அண்ணன். வாதத்தின் சூட்டில் வாய் முந்திக்கொண்டது. "கோட்டுக்கு வெளியே கால் இன்ச் தள்ளித்தான் போறேன். உன் அளவு எப்பவும் ஒரு பிடி இறுக்கம். நீ தையலுக்கு உள்ள விடுற துணியில கால் இன்ச்ச நான் எடுத்துக் கொடுக்கிறேன். அதனாலதான் ஒருத்தனும் சட்டையைத் திருப்பிக் கொண்டு வரல."

"எப்பலேர்ந்து?" என்றார் மாஸ்டர்.

அண்ணன் அப்போதாவது பேச்சை மாற்றியிருக்கலாம். "நீ வந்த நாள்லேர்ந்து," என்றார்.

மாஸ்டர் உள்ளே போய் தன்னுடைய சட்டைகள் மூன்றை எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்புறத்தைத் திருப்பிப் போட்டு இன்ச் டேப்பை வைத்துப் பார்த்தார். மூன்றிலும் தையல் கால் இன்ச் தள்ளியே ஓடியிருந்தது. மாஸ்டர் கை வைத்தால் கச்சிதம் என்று தெருவே சொல்லும் பேர், இருபத்திரண்டு வருஷமாக இன்னொருவன் தையலில் நின்றிருக்கிறது. தான் போட்டுக்கொண்டிருந்த சட்டைகூடத் தன் அளவு இல்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"இனிமே நீங்க கோட்டுமேலயே தைங்க," என்றார்.

அதுவரை ஒருவருக்கொருவர் நீ, வா, போ என்றுதான். அன்றோடு 'நீ' போய் 'நீங்க' வந்து உட்கார்ந்துகொண்டது. "நூல் இருக்குதுங்களா?" "இருக்குதுங்க." இந்த மரியாதையைக் கேட்கும்போதெல்லாம் பாப்பா நூலைப் பல்லால் வெடுக்கென்று அறுப்பாள். வசவாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் சொன்னபடி செய்தார். அங்கிகள் பன்னிரண்டையும் சாக்பீஸ் கோட்டின் மேலேயே, மயிரிழை பிசகாமல் தைத்தார். இந்த மனுஷருக்கு இத்தனை சுத்தமாகக் கோபம் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வெள்ளிக்கிழமை பாட்டுக்குழுத் தலைவர் அவற்றை வாங்கிப் போனார். சனிக்கிழமை காலையில் மூட்டையாகத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். குழுவில் கனத்த குரல்காரர் ஒருவர் உண்டு, இடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் ஒத்திகையில் பாட்டின் உச்சத்தில் கையைத் தூக்கியிருக்கிறார். அங்கியும் கூடவே தூக்கிக்கொண்டு முழங்காலுக்கு வந்துவிட்டதாம். மற்றவர்கள் கையைத் தூக்கவே இல்லையாம்.

"பாட்டு சாவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்குது மாஸ்டர். நாளைக்குக் காலைல வேணும்," என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

 தவறு எங்கே என்று மூன்று பேருக்கும் தெரியும். அதைச் சரிசெய்ய யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும், அதுதான் கஷ்டம். மாஸ்டர் மூட்டையை அவிழ்க்கவில்லை. வேறு ஒன்றைச் சொன்னார். இப்படி ஒரே அறையில் இனி ஓட்ட முடியாது. முன்னறையின் குறுக்கே பலகை அடித்து இரண்டாக்கிக்கொள்ளலாம். அவருக்கு வேறு தையல்காரர் கிடைப்பார், அண்ணனுக்குத் துணி வெட்ட வேறு கட்டர் கிடைப்பார். ஆனால் இதைக் கோபத்தில் முடிவு செய்ய அவருக்கு இஷ்டமில்லை. திருவுளச் சீட்டுப் போடுவோம். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு. எடுக்க வேண்டியவள் பாப்பா.

"முன்ன ஒரு தடவை அவ கையாலதான் கர்த்தர் பேசினார்," என்றார்.

அண்ணன் மிஷினைத் துணி போட்டு மூடினார். "நீங்க சொன்னா சரிங்க," என்றார்.

பாப்பா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அந்த முந்தைய தடவையைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு அவளை ஒரே வாரத்தில் இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். ஒருவர் தெருக்கோடியில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். மற்றவர் வேறொரு கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்த மாஸ்டர். இருவரும் நல்லவர்கள், இருவரும் சபைக்கு வருகிறவர்கள். அப்பாவால் முடிவு செய்ய முடியவில்லை. ஜெபம் செய்து, பட்டன் டப்பாவைக் கவிழ்த்துக் காலி செய்து, அதில் இரண்டு சீட்டுகளைப் போட்டுப் பாப்பாவை எடுக்கச் சொன்னார். அப்பாவுக்குக் கை நடுங்கும், அதனால் சீட்டெழுதி மடித்தது அண்ணன். கதவு இடுக்கு வழியாகப் பாப்பா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சீட்டை அவர் சும்மா மடித்தார். இன்னொன்றை மடித்து, துணியின் மடிப்பைப் படியவைப்பது போல நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். அதில் எழுதியிருந்தது கட்டர் பேர். டப்பாவுக்குள் அவள் விரல் முதலில் தொளதொளத்த சீட்டைத் தொட்டது. விட்டுவிட்டு, கூராக மடிந்திருந்ததை எடுத்தாள்.

காரணம் கேட்டால் வெளியே சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது. ஒருமுறை கத்திரி இரவல் வாங்க மாஸ்டர் இவர்கள் கடைக்கு வந்தபோது, அவள் ஒரு சட்டைக்குக் காஜாவைத் தப்பான பக்கத்தில் எடுத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். இவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, இடது கைக்காரர் ஒருத்தரைத் தேடிப் பிடித்துவிடலாம் என்றார். அவ்வளவுதான்.

கல்யாணம் ஆன ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியை ஒட்டி வருகிற ஞாயிறன்று மாஸ்டர் சபையில் எழுந்து சாட்சி சொல்வார். நான் தகுதியில்லாதவன், ஆனாலும் கர்த்தர் சீட்டில் என் பேரை எடுத்தார் என்பார். பாப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கர்த்தர் செய்ததாக அவர் சொல்லும் ஒரு காரியத்தை, தான் திருடி வைத்திருப்பது போலிருக்கும்.

மாஸ்டர் குளிக்கப் போன சமயம் அவள் அண்ணனிடம் போனாள். அவர் மிஷின் இடுக்கில் சேர்ந்த பஞ்சை ஊசியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு அந்த ஒரு சீட்டை மட்டும் ஏன் நகத்தால இழுத்த?"

அவர் நிமிரவில்லை. "நீ கதவுக்குப் பின்னால நின்னியே, அதான்."

"பாத்தியா?"

"கதவுக்குக் கீழ உன் கால் கட்டைவிரல் தெரிஞ்சுது."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷமாகத் தன் ரகசியம் என்று நினைத்திருந்தது, இன்னொருவர் பையிலும் கிடந்திருக்கிறது.

"அப்ப நீதான் என்னை அவருக்குக் கட்டி வச்சியா?"

"நான் எங்க கட்டி வச்சேன்? எது எதுன்னு உனக்குத் தெரியட்டும்னு விட்டேன். கடிகாரக்காரரை எடுத்திருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

"நான் எதை எடுப்பேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். கத்திரி வாங்க ஒருத்தன் வந்துட்டுப் போனதுக்கு நாலு நாள் காஜாவே ஒழுங்கா எடுக்கலியே நீ."

"முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருந்தா, அது எப்படி என் இஷ்டமாகும்?"

அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார். வாதத்தில் அவர் இப்படித் திணறி அவள் பார்த்ததில்லை.

"தெரிஞ்சது நான். எடுத்தது நீ. அதுக்கு மேல எனக்குத் தெரியல பாப்பா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தத் தடவை எழுதுறது அவரு. எனக்கு நகமும் இல்ல," என்றார்.

சாப்பாடு ஆனதும் மாஸ்டர் மேஜையைத் துடைத்தார். பேப்பர் ஒன்றை ஸ்கேல் வைத்து, ஒரே அளவில் இரண்டு துண்டாக வெட்டினார். சீட்டின் அகலம்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, இரண்டிலும் இரண்டே எழுத்துச் சொல்லாக எழுதப்போவதாகச் சொன்னார். ஒன்றில் 'சேர்'. இன்னொன்றில் 'பிரி'. பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பார்க்கலாம், பார்த்தால் ஏதாவது ஒரு வித்தியாசம் அவள் கண்ணுக்குக் கிடைத்துவிடும். தெரியாமல் எடுப்பது என்றால் எப்படியிருக்கும் என்று அவளுக்கு ஒருதடவையாவது தெரிய வேண்டியிருந்தது. தெருவில் மழை விட்டு, ஓட்டுவிளிம்பில் இருந்து துளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எது எப்போது விழும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டப்பா வந்தது. அதே டப்பாதான், மூடி மட்டும் துருவேறியிருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிச் சுருக்கமாக ஜெபித்தார். அண்ணன் ஆமென் சொன்னார். அவர்கள் இருவரும் அந்த வாரத்தில் ஒத்துப்போன ஒரே சொல் அது.

பாப்பா கையை விட்டாள். விரல் ஒரு சீட்டைத் தொட்டது. தொட்டதை விட்டாள். மற்றதைத் தொட்டாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன, ஒன்றுபோல் கூராக மடிந்திருந்தன. இரண்டாவதாகத் தொட்டதை எடுத்து மாஸ்டரிடம் கொடுத்தாள்.

அவர் பிரித்தார். வாசிக்காமல் மேஜைமேல் வைத்தார். எல்லோருக்கும் தெரிந்தது. 'பிரி'.

அண்ணன் எழுந்துபோய் மிஷினின் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினார். தோல் பெல்ட் சக்கரத்திலிருந்து நழுவித் தரையில் விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. மாஸ்டர் அசையாமல் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது பாப்பாவுக்கு ஒன்று புரிந்தது. இவர் 'சேர்' வரும் என்று நம்பித்தான் சீட்டே போட்டிருக்கிறார். தன்னால் கேட்க முடியாத மன்னிப்பைத் தன் சார்பில் கேட்டுக் கொடுக்கும்படி கர்த்தரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் பாப்பா. "அன்னைக்கு உங்க பேர் வந்துச்சே. அது எனக்குத் தெரியும்."

"எது தெரியும்?"

"எது உங்க சீட்டுன்னு. அண்ணன் மடிச்சதைக் கதவிடுக்குல பாத்தேன். முதல்ல கைல வந்தது கடிகாரக்காரர் சீட்டு. விட்டுட்டு உங்களுதைத் தேடி எடுத்தேன்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் குனிந்து பெல்ட்டைத் தேடுகிறவர் போல மிஷினுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டார். இருபத்திரண்டு சாட்சி சபை நடுவில் கவிழ்ந்து கிடப்பது போலிருந்தது பாப்பாவுக்கு. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றாள்.

"தெரிஞ்சா எடுத்த?" என்றார் மாஸ்டர்.

"தெரிஞ்சுதான்."

அவர் மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். வெட்டும் மேஜையில் யாரும் உட்காரக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

"நான் இத்தனை வருஷமா என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா?" என்றார். "பாவம், இவளுக்கு விழுந்த சீட்டு நான். விழுந்ததை வச்சுக்கிட்டுக் குடித்தனம் பண்றாளேன்னு. கர்த்தர் எனக்குக் குறிச்சார், சரி. உன்னை ஒருத்தரும் கேக்கலியேன்னு." துண்டுச் சாக்பீஸ் ஒன்றை விரலில் உருட்டினார். "கடிகாரக்காரர் சீட்டு நிஜமாவே கைல வந்துச்சா?"

"வந்துச்சு."

"விட்டுட்ட."

"விட்டுட்டேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

"விட்டுட்டேன்னு சொல்றேன்ல."

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன. மேஜையிலிருந்து இறங்கி, சீட்டைக் கையில் எடுத்து, தூரமாகப் பிடித்தும் கிட்டமாகப் பிடித்தும் பார்த்தார். சாக்பீஸ் கோட்டைப் பார்க்கிற அதே பார்வை. அப்படியானால் கர்த்தர் அவள் கையாலேயே எடுத்தாரோ, அவளுடைய ஆசையாலேயே எடுத்தாரோ, இதில் எங்கே கோடு போடுவது என்று தனக்குத் தானே முணுமுணுத்தார். முடிவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. கண் மட்டும் சீட்டிலிருந்து மெல்ல நகர்ந்து, காலையிலிருந்து அவிழ்க்காமல் கிடந்த மூட்டையில் போய் நின்றது.

"பிரின்னு வந்திருக்கு," என்றார். "வந்தா வந்ததுதான். பிரிச்சே ஆகணும். எதைப் பிரிக்கணும்னு சீட்டு சொல்லலியே."

மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். கருநீல அங்கிகள் மேஜைமேல் சரிந்தன. மேலே கிடந்த ஒன்றை எடுத்து மிஷின் பக்கம் வீசினார்.

"மச்சான், பிரி. தோள் ரெண்டு பக்கமும். பிரிச்சிட்டு உன் கால் இன்ச்ச விட்டுத் தை."

நீ என்றுதான் சொன்னார். அண்ணன் மிஷினுக்கு அடியிலிருந்து தலையை எடுத்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கால் இன்ச் போதாது மாப்ள. அந்த இடிக்கு அரை இன்ச் வேணும்," என்றார்.

"உள்ள அவ்வளவு விட்டிருக்கேன்."

"தெரியும். நீ எப்பவும் உள்ள விடுவ. விடுறதாலதான் நான் எடுக்கிறேன்."

மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டுவிட்டார், பேசாமல் இருப்பதற்கு அவர் வழக்கமாகச் செய்யும் ஏற்பாடு அது.

பாப்பா பிளேடை எடுத்துக்கொண்டு தன் முக்காலியில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு அங்கி, இருபத்துநான்கு தோள். அண்ணன் பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டே, டப்பாவில் மிச்சமிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். 'சேர்' என்றுதான் இருந்தது. அதைக் கொண்டுவந்து 'பிரி'க்குப் பக்கத்தில் வைத்து, பிரித்துச் சேர் என்று ஒரே வேலைக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறதே மாப்ள, எழுதும்போதே உனக்குத் தெரியுமா என்றார். மாஸ்டர் குண்டூசி வாயோடு தலையை ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை.

அவள் தையலை ஒவ்வொரு கண்ணாக அறுத்து இழுத்தாள். நூல் விலகிய இடத்தில் சாக்பீஸ் கோடு கொஞ்சமும் கலையாமல் இருந்தது. அதற்கு வெளியே, வெட்டிய விளிம்புவரை, விரல் அகலத்துக்குத் துணி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓட்டுவிளிம்பில் இன்னும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கைக்கு வந்தது 'சேர்'தான். இந்தத் தடவை நகக் கீறல் இல்லை, கதவிடுக்கு இல்லை, எந்த ஆசையும் அவள் விரலுக்கு வழிசொல்லவில்லை. ஆனாலும் விட்டுவிட்டு மற்றதை எடுத்திருக்கிறாள். ஏன் விட்டாள்?

பிளேடைத் தையலுக்கு மேலே நிறுத்தி வைத்துக்கொண்டு, அறுக்கலாம் என்று முடிவு எடுக்கிற அந்த நொடிக்காகக் காத்திருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் அறுந்திருந்தது.